எழுத்து இருக்கும் பக்கம்

ஃபேக்ஸ் மெஷின் வந்த அன்று மேனேஜர் பச்சியப்பன் அதன் முன்னால் தேங்காய் உடைத்தார். மெட்ராஸிலிருந்து அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த ஆள் மதிய பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தான். பொட்டு வைக்காமல் புது மெஷினை ஓட்டக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் அவனும் ஓரமாகக் கைகட்டி நின்றான். சந்தனம், குங்குமம், ஊதுபத்தி, ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கே பொட்டு வைப்பது என்று தெரியாமல் மேனேஜர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் காகிதம் நுழைகிற வாய்க்கு மேலே சந்தனத்தைத் தடவிக் குங்குமத்தைத் தாராளமாக அப்பினார். வாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் அச்சடித்திருந்தது. மடங்கிய ஒரு காகிதம், ஒரு அம்புக்குறி. அதன் மேல் லட்சுமி ஸ்டிக்கரைக் கச்சிதமாக ஒட்டினார். பிறகு பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு ஒன்றின் மேல் தேங்காயை அடித்தார். காய் நன்றாகத்தான் உடைந்தது. தண்ணீர் பிளக் போர்டில் தெறித்துவிட்டது. மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவரை அது ஒரு உதறு உதறியது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் வாசலில் நின்றபடிதான் சொல்வார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. தருமபுரியில் சேலம் ரோட்டில் ஒரு சிமெண்டுக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கிரானைட் ஏற்றுமதி. சுற்றியிருக்கும் ஊர்களில் கறுப்புக் கல் எங்கே கிடக்கிறது என்று பார்த்து, நிலத்துக்காரர்களிடம் ஒப்பந்தம் போட்டு, பாறையைச் சதுரம் சதுரமாக அறுத்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாரியில் அனுப்புவார்கள். அங்கிருந்து கப்பலில் ஜப்பான். முதலாளி மெட்ராஸில் இருந்தார். இங்கே மேனேஜர், டைப்பிஸ்ட் சகாயமேரி அக்கா, நான். கூட்டுவது, டீ போடுவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் என் அப்பா சர்தார். லாரிகளுக்குப் படுதா தைக்கிற கடை அவருடையது. கம்பெனி லாரிகளின் படுதாவெல்லாம் எங்கள் கடையில் தைத்தவைதான். வாயே திறக்காத பிள்ளை என்று அப்பா சொன்னார். அப்படி ஒரு ஆள்தான் வேண்டும், இங்கே வருகிற போகிற பேச்சு வெளியே போகக்கூடாது என்று மேனேஜர் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னை யாரும் நிறுத்தவில்லை. பத்தாவதில் ஒரு டீச்சர் தினமும் என்னை எழுப்பிப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். சத்தம்தான் வராது. வராத சத்தத்துக்காகப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வார். ஒரு நாள் ஏறவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்பா கேட்டார், அம்மா கேட்டார், பக்கத்து வீட்டு ரோஷன் பீ சந்துக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெஷினைக் கொண்டுவந்தவன் அதை ஓட்டுவது எப்படி என்று மேரியக்காவுக்குப் பத்து வார்த்தையில் சொல்லிவிட்டு ஓடினான். மேரியக்கா அதை எனக்கு ஐந்து வார்த்தையில் சொல்லிவிட்டு டைப் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். எண்ணை அழுத்த வேண்டும். அந்தப் பக்கம் விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதும் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டும். மெஷின் காகிதத்தை மெதுவாக உள்ளே இழுத்து அடியில் துப்பும். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்துப் போயிற்று.

எந்தப் பக்கத்தை எப்படி வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் படத்தின் மேல் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். அந்த மெஷினுக்குக் கண் அடியில் இருக்கிறது. எழுத்து இருக்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும். நான் முதல் தடவை, ஆளுக்குக் கடிதம் கொடுப்பதுபோல் எழுத்தை மேலே வைத்து அனுப்பினேன். எல்லாக் காகிதமும் ஒழுங்காகப் போனது. போய்ச் சேர்ந்தது என்று 'ஓகே' போட்ட சீட்டும் வந்தது. மெட்ராஸில் இறங்கியது ஒரு கட்டு வெள்ளைக் காகிதம். ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனி பெயரும் தேதியும் மட்டும். அங்கிருந்து போன் வந்தபோது மேனேஜர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து நான் வெள்ளைக்காரி. வெள்ளைக்காரி டீ கொண்டா. வெள்ளைக்காரியக் கூப்புடு, மெட்ராஸுக்கு அனுப்பணும். லாரி டிரைவர் மாரியப்பன்கூட, 'என்னம்மா வெள்ளைக்காரி, இன்னிக்கி எத்தினி வெள்ளைக் காயிதம்?' என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார்.

மேனேஜர் அப்பிய குங்குமம் உள்ளே போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அனுப்புகிற எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அது இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு முறை பாறையின் படம் வரைந்து அனுப்பியபோது, கல்லில் விரிசல் இருக்கிறதே, வேண்டாம் என்று மெட்ராஸில் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அன்று மெஷினைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கண்ணாடியைத் துடைத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. சாமி குங்குமத்தை நான் துடைத்ததைப் பற்றி அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். லட்சுமியை மட்டும் யாரும் எடுக்கக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு அனுப்புகிற வேலை முழுக்க என்னுடையது. குண்டூசிகளைப் பிடுங்க வேண்டும். மடிப்பை நகத்தால் நீவ வேண்டும். மெல்லிய காகிதத்தை மெஷின் மென்றுவிடும் என்பதால் அதைக் கீழே கடையில் ஜெராக்ஸ் எடுத்துவர வேண்டும். வெளிறின கையெழுத்தின் மேல் கறுப்புப் பேனாவால் ஓட்ட மேனேஜர் சொல்வார். நான் ஓட்டுவதில்லை. மெட்ராஸிலிருந்து வருகிற காகிதம் வழுவழுப்பாகச் சுருண்டுகொண்டு வரும். அதன் மேல் கிரானைட் துண்டுகளை வைத்து நிமிர்த்துவோம். சில மாதத்தில் அதிலிருக்கும் எழுத்து மங்கி ஆவியாகிவிடும். வேண்டாம் என்று போடும் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பின்பக்கத்தில் நான் எழுதுவேன். முன்பக்கத்தில் இருந்த கம்பெனிப் பேச்சு அழிந்துபோகும். என்னுடையது நிற்கும்.

கைநாட்டு மட்டும் எப்படி அனுப்பினாலும் சரியாகப் போகாது. ஊதா மையில் வைத்த ரேகை அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டாகத்தான் இறங்கும். வரி ஒன்றும் தெரியாது. அசல் பின்னால் தபாலில் போவதால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

குள்ளம்மாள் அக்கா ஆபீஸுக்கு வந்தது ஒரு புதன்கிழமை. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குக்கிராமம். வீட்டுக்காரர் இறந்து பல வருஷமாயிற்று. நாற்பத்தைந்து வயதிருக்கும். தக்காளிக் கூடை சுமந்து சுமந்து கழுத்து சற்று முன்னால் தள்ளியிருந்தது. கூட வந்த மகன் கிருஷ்ணப்பன் மொடமொடப்பான சட்டை போட்டுக்கொண்டு மேனேஜருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். குள்ளம்மாள் அக்கா சுவரோரம் நின்றார். நிலத்தில் ஒரு பெரிய கறுப்புப் பாறை. பட்டா அம்மா பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்து இருந்தது. மகன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மாவின் கைநாட்டு மட்டும் பாக்கி.

மேரியக்கா மை டப்பாவைத் திறந்தார். குள்ளம்மாள் அக்கா கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தார். காகிதத்துக்குக் கொண்டுபோன விரல் பாதியில் நின்றது. இதில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். கிருஷ்ணப்பன் உச்சுக்கொட்டினான். மேனேஜர் சிரித்துக்கொண்டே படிக்கச் சொன்னார். மேரியக்கா படித்தார். அவருக்குப் படித்தால் எல்லாவற்றையும் படிக்கத்தான் தெரியும். பாறை முழுவதும், அடிவரையில், என்று ஒரு வரி வந்தது.

'முழுக்கவா?' என்றார் குள்ளம்மாள் அக்கா. மகனைப் பார்த்தார். 'ஒரு ஓரம்னு தானே சொன்ன.'

கிருஷ்ணப்பன் சட்டைப் பையைத் தடவினான். மேனேஜர்தான் பதில் சொன்னார். கல் என்ன சோறா போடுகிறது, வெறுமனே கிடக்கிறது, எடுத்துவிட்டால் நிலம் சமமாகும் என்றார். நம் ஊர்க் கல்லுக்கு ஜப்பானில் எவ்வளவு மரியாதை தெரியுமா, அவர்கள் கல்லறைக்கு இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

'செத்தவங்களுக்கா?'

'ஆமாம்மா.'

'அதும் மேலதாங்க நான் கேவுரு அடிக்கறது' என்றார் குள்ளம்மாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. 'புளி காயறது, கொள்ளு காயறது எல்லாம் அதும் மேலதான். எங்க ஊரு சனமே அங்கதான் காயவெக்குது. அதப் பேத்துட்டா சாணி போட்டு மெழுவிக் களம் பண்ணணும். பண்ணிட்டு மழ வருதான்னு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும். உசுரோட இருக்கறவங்களுக்கே அது போதாது.' பிறகு விரலில் இருந்த மையைத் தலைமயிரில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். கைநாட்டு வைத்த பிறகுதான் எல்லோரும் அப்படித் துடைப்பார்கள். அவர் வைக்காமலே துடைத்துவிட்டார்.

கிருஷ்ணப்பன் அம்மாவைத் திட்டிக்கொண்டே கீழே பீடி பிடிக்கப் போய்விட்டான். அவர் பின் அறைக்கு வந்து தண்ணீர் கேட்டார். நான் அப்போது ஒரு கட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்தார். காகிதம் மெட்ராஸுக்குப் போகிறது என்கிறீர்களே, அடியில் இங்கேயே விழுகிறதே என்று கேட்டார். எழுத்து மட்டும் போகும் என்றேன்.

'கைநாட்டு?'

'அதும் போவுங்கக்கா. பொட்டு மாதிரி. ரேகை தெரியாது.'

'ரேகை போவலீன்னா அது யாரு வெரலோ' என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அவ்வளவு நேரம் நான் யாரோடும் பேசியதில்லை. போகும்போது என் முக்காட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து போன் மேல் போன் வந்தது. ஜப்பான்காரர்கள் வந்து ஓட்டலில் தங்கியிருக்கிறார்கள். இரவு விமானத்தில் போகிறார்கள். பாலக்கோட்டுப் பாறை நம்முடையது என்று காகிதத்தைக் காட்டினால் சாயங்காலமே அவர்களோடு கையெழுத்தாகிவிடும். இல்லாவிட்டால் ஆந்திராவில் வேறொரு பாறையை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். காகிதம் போய்விட்டால் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் இன்னொரு ஊரில் பார்த்ததுதான். முதலில் கம்பெனி போர்டு, அடுத்து பாறையில் துளை போடுகிற கம்ப்ரசர், அடுத்து வெடி. அசல் காகிதம் சாவகாசமாக வரும். பாறை பாதி போன பிறகு கைநாட்டு வைக்க யாரும் யோசிப்பதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசை மேல் அந்த ஒப்பந்தம். கிருஷ்ணப்பனின் கோணல் கையெழுத்து. அதன் கீழே, குள்ளம்மாள் என்று டைப் அடித்த பெயருக்கு மேலே, வெறும் இடம். பக்கத்தில் மை டப்பா திறந்திருந்தது.

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அங்கே போய் இறங்கும்போது வெறும் பொட்டுதான், நீயே சொன்னாயே, யார் விரலாக இருந்தால் என்ன என்றார். பொம்பிளை விரலாக இருந்தால் சின்னதாக, சரியாக இருக்கும் என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். உங்கள் அப்பாவுக்குப் பத்து லாரிப் படுதா ஆர்டர் எழுதி வைத்திருக்கிறேன் என்றார். மேசை மேல் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். வெளியே மேரியக்காவின் டைப் சத்தம் நின்றுவிட்டது.

'உன்னைப் பேசவா சொன்னேன்? வெரலத்தானே வெக்கச் சொல்றேன். வெய்யி.'

'எனக்குப் பாறை இல்லீங்க' என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். காதில் சரியாக விழாதவர்போல என்னைப் பார்த்தார். சரி போ என்று கையை உதறினார். தன் கட்டைவிரலையே மையில் அழுத்தி, குள்ளம்மாள் என்ற பெயருக்கு மேலே வைத்து உருட்டினார். பெரிய விரல். பக்கத்து எழுத்தின் மேலும் மை ஏறியது. 'பாத்தியா, இவ்ளோதான்' என்றார். பழக்கத்தில் விரலைத் தலைக்குக் கொண்டுபோனார். அவருக்கு வழுக்கை. விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துத் துடைத்தார். ஊதா போகவில்லை. ஒப்பந்தத்தை ஓரத்தைப் பிடித்து என்னிடம் நீட்டினார். அனுப்பு, சீட்டு வந்ததும் கொண்டுவா.

பின் அறைக்கு வந்தேன். மேரியக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. குண்டூசியைப் பிடுங்கினேன். மடிப்பை நீவினேன். முன்பக்கத் தாளில் எத்தனை பக்கம் என்று எழுதினேன். எப்போதும் செய்வதை எல்லாம் செய்தேன். பெஞ்சு மேல் ஏறாமல் பையை எடுத்துக்கொண்டு வந்த நாள். அது எனக்கு நினைவு வந்தது. பிறகு காகிதங்களை, எழுத்து மேலே தெரியும்படி, கூரையைப் பார்க்கும்படி, மெஷினின் வாயில் வைத்தேன். எண்ணை அழுத்தினேன். விசில் வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அந்த ஊதா விரல் என்னைப் பார்த்தபடியே உள்ளே போனது. 'ஓகே' என்று சீட்டு வந்தது. அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல ஸ்ட்ராங்காக ஒரு டீ போடச் சொன்னார்.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது. மெட்ராஸ் குரல் ரிசீவரைத் தாண்டி வராந்தா வரைக்கும் கேட்டது. மேனேஜர் எழுந்து நின்று பேசினார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

அவருக்கு இன்னும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளைக்காரி புத்தி மறுபடியும் வந்துவிட்டதா என்றார். படிப்பு வராத பெண்ணிடம் மெஷினைக் கொடுத்தது என் தப்பு என்று மேரியக்காவைப் பார்த்துச் சொன்னார். மேரியக்கா அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆமாம் சார், மறந்துட்டேன் சார் என்று சொல்லிவிடு என்ற ஜாடை. அது சுலபம். தலையை ஆட்டினாலே போதும். அவர்கள் எனக்காக முன்பே முடிவு செய்துவைத்திருக்கிற முட்டாள்தனம் ஒன்று அங்கே தயாராக இருந்தது. அதற்குள் நுழைந்துகொண்டால் வேலை இருக்கும், படுதா ஆர்டர் இருக்கும். அந்த ஒப்பந்தம் மறுபடியும் என் கைக்கே வரும், இந்த முறை சரியாக வைக்கச் சொல்லி.

'மறக்கலீங்க' என்றேன். 'தெரிஞ்சேதான் வெள்ளைப் பக்கத்த அனுப்புனேன்.'

அவர் வாய் கொஞ்சம் திறந்தது.

'அது அவுங்க வெரல் இல்லீங்க. நான் அனுப்ப மாட்டேன்.'

மேனேஜர் கத்தினார். என்ன கத்தினார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. உங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். ஒரு படுதா, ஒரு கயிறு இனி உங்கள் கடைக்கு வராது என்றார். அப்பாவின் முகம் வந்து போனது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அவர் கித்தானை இழுப்பது தெரிந்தது. வீட்டில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த முறை சொல்வேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் அது பாட்டுக்குத் திறந்துகொள்கிறது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரிங்க என்றேன். ஆனாலும் போகவில்லை. பாதி நாள் பாக்கி இருந்தது.

'மேரி, நீ அனுப்பு.'

மேரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். டைப் மெஷினில் புதிதாக ஒரு தாளைச் சொருகினார். உருளையைத் திருகி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அவர் வீட்டில் மூன்று பேர் அவர் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். மேனேஜர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

'எனக்கு டைப்பிங் மட்டுந்தாங்க சார் தெரியும்' என்றார் மேரியக்கா.

போன் மறுபடியும் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு லாரி கல்லேற்றிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் முக்கி முனகிப் போயிற்று. அதன் மேல் கட்டியிருந்த பச்சைப் படுதா எங்கள் கடையில் தைத்தது. மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தானே பின் அறைக்குப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். முதலில் மெஷினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், ஷாக் அடிக்கிறதா என்று. அடிக்கவில்லை. லட்சுமியைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒரு எண் தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து அழுத்தினார். ஒவ்வொரு பொத்தானிலும் ஊதா ஒட்டியது. காகிதத்தை இந்தப் பக்கம் வைத்தார், எடுத்தார். அந்தப் பக்கம் வைத்தார், எடுத்தார்.

'எந்தப் பக்கம் வெக்கணும்?' என்றார், திரும்பாமல்.

மேரியக்கா தன் செருப்பைப் பார்த்தார். நான் லட்சுமியைப் பார்த்தேன். தாமரை, கையிலிருந்து கொட்டுகிற காசு. ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகப் பிரிந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் வந்துவிடும்.

'கேக்கறேன்ல? எந்தப் பக்கம்?'

பேசாமல் இருப்பதற்குத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள். நான் பேசவில்லை.

ரிசீவரில் விசில் கேட்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். 'எழுத்து தெரியற மாதிரி வெச்சாத்தானே அதுக்குத் தெரியும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேனேஜர் காகிதங்களை மெஷினின் வாயில் வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஒரு முறை இருமிவிட்டு இழுக்க ஆரம்பித்தது. வாசலில் நின்ற எனக்கே எல்லாம் படிக்கத் தெரிந்தது. ஒப்பந்தம் என்ற பெரிய எழுத்து, பாறை முழுவதும் என்ற வரி, கிருஷ்ணப்பனின் கோணல் கையெழுத்து. கடைசியாக, குள்ளம்மாள் என்ற பெயரின் மேல் படர்ந்திருந்த அந்த அகலமான ஊதா விரல், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.